தங்குகடல் போட்டுக்கு மருந்துப் பெட்டி

கேள்வி: என் வீட்டுக்காரர் போட்டில் ஸ்ராங்கு, அதாவது போட்டை ஓட்டிப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் தேங்காப்பட்டணத்திலிருந்து 12 பேர் தூண்டில் தொழிலுக்குக் கிளம்புகிறார்கள். திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அரிசி, மளிகை எல்லாம் வாங்கிக் கட்டிக் கொடுப்பது நான்தான். இந்த முறை ஒரு மருந்துக்கடையில் முதலுதவிப் பெட்டியும் வாங்கினேன். திறந்து பார்த்தால் பஞ்சு, டெட்டால், பர்னால், பிளாஸ்திரி, ஒரு சின்னக் கத்தரிக்கோல், அவ்வளவுதான். இது போதுமா? போன தடவை ஒரு பையனுக்குக் காலில் திருக்கை குத்தியபோது பெட்ரோல் ஊற்றினார்களாம், அது சரிதானா? என் கொழுந்தன் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர். போட்டில்தான் ஐஸ் கிடக்கிறதே, மருந்தை அதிலேயே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். வைக்கலாமா?
— தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மூன்று கேள்விக்கும் வரிசையாகப் பதில்: போதாது, சரியில்லை, வைக்கக் கூடாது. இனி விவரமாகச் சொல்கிறேன்.

நீங்கள் வாங்கிய பெட்டி ஒர்க்‌ஷாப் சுவரில் மாட்டுவதற்கானது. அங்கே கையில் வெட்டுப்பட்டால் 108-ஐக் கூப்பிடலாம். வண்டி வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும். நம் குமரி மாவட்டத்திலேயே சின்னமுட்டத்து விசைப்படகு காலையில் போய் இரவுக்குள் கரை திரும்பிவிடும். முட்டம், குளச்சல் வள்ளங்களுக்கும் கரை சில மணி நேரம்தான். அவர்களுக்கு அந்தப் பெட்டியோடு நாலைந்து சாமான் சேர்த்தால் சமாளிக்கலாம். உங்கள் போட் லட்சத்தீவையும் தாண்டிக் கிடக்கும்போது கரை இரண்டு மூன்று நாள் தூரம். ஆகவே உங்கள் பெட்டி இரண்டு வேலை செய்ய வேண்டும்: அடிபட்ட முதல் அரைமணி நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்துவது, அதன்பிறகு கரை வரும்வரை அந்த ஆளை மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது. கடைப்பெட்டி இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அதிலிருக்கும் பிளாஸ்திரி இருக்கட்டும். பஞ்சைத் திறந்த காயத்தில் வைக்காதீர்கள். இழை ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மறுபடி ரத்தம் வரும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் நல்ல சதையும் வெந்துபோகும். பர்னால் வேண்டாம். தீக்காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர். சைலன்சர் சுட்டாலும் சமையல் எண்ணெய் கொட்டினாலும் 20 நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் சிக்கனம் என்றால் சுத்தமான கடல்நீரும் ஆகும். ஐஸை மட்டும் நேராக வைக்கக் கூடாது. பிறகு ஒட்டாத கட்டுத்துணியோ சுத்தமான பிளாஸ்டிக் தாளோ வைத்து லேசாக மூடினால் போதும்.

இனி திருக்கை. பெட்ரோல், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலை என்று ஆளுக்கொன்று வைக்கிறார்கள். குத்திய இடம் ஒரு சின்ன ஓட்டைதான். ஆனால் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொப்புளித்து உரிந்திருக்கும். அது திருக்கை செய்த வேலை அல்ல, பெட்ரோல் செய்த வேலை. கரைக்கு வரும்போது இரண்டு காயமாக வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது வெந்நீர் வைத்தியம். திருக்கை விஷத்துக்குச் சூடு ஆகாது. சுமார் 45 டிகிரிச் சூட்டில், அதாவது தாங்கக்கூடிய அதிகபட்சச் சூட்டில் காலை முக்கி வைத்தால் வலி கண்ணெதிரே இறங்கும். 30 முதல் 90 நிமிடம் வரை வைக்கலாம், ஆறினால் மாற்றி ஊற்ற வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. குத்துப்பட்டவருக்கு அந்தக் காலில் சூடு சரியாகத் தெரியாது. வலி வெறியில் இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்பார். அதனால் அவருடைய மற்றக் காலையோ, பக்கத்தில் இருப்பவர் தன் கையையோ முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். அது தாங்கினால்தான் காயம்பட்ட காலை விடலாம். போட்டின் சமையலறையில் தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்காது. ஆகவே பெரிய பிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். கால் முங்குகிற அளவுக்கு ஒரு வாளியும் வேண்டும். உங்கள் மருந்துப் பெட்டிக்கு நான் சொல்லும் முதல் சாமான் இந்தப் பிளாஸ்க்தான்.

முள் வெளியே தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். நெஞ்சு, வயிறு, கழுத்து இந்த இடங்களில் ஏறியிருந்தால் தொடவே கூடாது. முள்ளின் இரு பக்கமும் ரம்பம் மாதிரிப் பின்னோக்கிய பற்கள் இருக்கும். இழுத்தால் உள்ளே இருப்பதையும் கிழித்துக்கொண்டு வரும். சுற்றிலும் துணி வைத்து அசையாமல் கட்டி, போட்டைத் திருப்ப வேண்டியதுதான். கெளிறு மீன் குத்தினாலும் இதே வெந்நீர். வலி தணிந்த பிறகும் நாலைந்து நாள் கழித்துக் காயம் வீங்கினால் முள்துண்டு உள்ளே இருக்கலாம். கரைக்கு வந்ததும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொறி, அதாவது ஜெல்லிமீன் பட்டால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது, ஒட்டியிருக்கும் செல்கள் மேலும் வெடித்து விஷத்தைக் கக்கும். கடல்நீரால் கழுவி, கையுறை போட்டு இழைகளை எடுத்துவிட்டு, பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

கடல் பாம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அது கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுவார்கள். அரைமணி முதல் சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் உளைச்சல், தாடை இறுக்கம், இமை தொங்குதல், சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போவது என்று வரிசையாக வரும். வெட்டுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எல்லாம் வீண். கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்துக் கட்டி, ஆளைப் படுக்க வைத்து அசையவிடாமல் கொண்டுவர வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கும்தான். கடல் பாம்புக்கு அதில் மருந்து இல்லை. செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் உள்ள ஆசுபத்திரிதான் காப்பாற்றும். ஏதாவது மருந்துக்குப்பியைப் பெட்டியில் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது ரத்தம். கயிறு இழுக்கும் வின்ச் எந்திரம், கத்தி, சுறாப்பல், ஓடுகிற தங்கூசி (தூண்டிலின் நைலான் இழை) என்று உங்கள் தொழிலில் கையைக் கிழிப்பவை நிறைய. காஸ் துணி தாராளமாக வாங்குங்கள், இரண்டு பேருக்கு ஒரே நாளில் அடிபடும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். 10 செ.மீ., 15 செ.மீ. அகலத்தில் சுருள் கட்டு, கிரேப் பேண்டேஜ், முக்கோணக் கட்டு, நைட்ரைல் கையுறை ஒரு டப்பா, துணியை வெட்டும் மொண்ணை நுனிக் கத்தரிக்கோல் ஒன்று. காகிதப் பிளாஸ்திரி உப்பில் நிற்காது, துணிப் பிளாஸ்திரியாகக் கேளுங்கள். ரத்தம் வந்தால் காஸை மடித்து வைத்து முழு பலத்தோடு 10 நிமிடம் அழுத்த வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்க்கிற ஆசையில்தான் பாதி ரத்தம் போகிறது. அப்படியும் நிற்காமல் கையிலோ காலிலோ பீய்ச்சி அடித்தால் மட்டும் காயத்துக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, மூட்டு இல்லாத இடத்தில், அகலத் துணியைச் சுற்றிக் குச்சி செருகி முறுக்கலாம். கட்டிய நேரத்தை நெற்றியிலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். தங்கூசியாலோ கயிற்றாலோ கட்டினால் தசையையும் நரம்பையும் அறுத்துவிடும்.

விரல் துண்டாகிப்போனால் அதைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட வேண்டாம். ஈரக் காஸில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டி, அந்த உறையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரல் நேராக ஐஸைத் தொடக் கூடாது, தொட்டால் உறைந்து செத்துப்போகும். அருகில் துறைமுகம் இருக்கும் நாளில் இது ஒரு விரலைக் காப்பாற்றும்.

தூண்டில் ஏறினால், சின்ன ஊசியாக இருந்து தோலோடு நிற்கிறதென்றால், நுனியை அதே வளைவில் முன்னே தள்ளி வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டுப் பின்னால் உருவிவிடலாம். நல்ல பிளேயர் ஒன்று மருந்துப் பெட்டிக்கென்றே தனியாக இருக்கட்டும், எஞ்சின் எண்ணெய் படிந்ததை எடுத்துவரக் கூடாது. சுறாவுக்குப் போடும் பெரிய தூண்டில் உள்ளங்கையில் ஆழமாக ஏறினால் நூலை வெட்டிவிட்டு, தூண்டிலை அசையாமல் கட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணில் எது ஏறினாலும் கை வைக்கக் கூடாது. காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டி மூடுவதோடு சரி.

கடற்காயத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளியே சின்னதாகத் தெரியும், மறுநாள் கால் முழுக்கச் சிவந்து வீங்கிவிடும். உப்புநீரில் வாழும் கிருமிகள் சில அவ்வளவு வேகமானவை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் குடித்துக் குடித்து ஈரல் கெட்டவர்களுக்கும் அவை உயிரையே எடுக்கும். அதனால் எந்தக் காயத்தையும் கொதித்து ஆறிய தண்ணீராலோ சலைன் பாட்டிலாலோ நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். சுற்றிலும் பெட்டாடின் தடவலாம். தையல் போடத் தெரிந்த ஆள் போட்டில் இருந்தாலும் குத்துக்காயத்தைத் தைத்து மூட வேண்டாம். அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். இவ்வளவு தூரம் போகும் போட்டில் ஆன்டிபயாடிக் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிப் போடுவது கூடாது. ஒரு மருத்துவரைப் பார்த்து, எது, எத்தனை வேளை, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்று தாளில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் டாக்சிசைக்ளின் எழுதுவார்கள். அதை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. சாப்பிடும் நாட்களில் வெயிலில் நின்றால் தோல் கருகும். டெக்கில் நிற்பவருக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடச் சொல்லுங்கள்.

மற்ற மாத்திரைகள் குறைவாக இருந்தால் நல்லது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் போதும்: 500 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, வேளைக்கு வேளை ஆறு மணி நேர இடைவெளி. போட்களில் உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் மிட்டாய் மாதிரி ஓடுகிறது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேர்த்துக் கிடக்கும் ஆள் அதைத் தினமும் போட்டால் சிறுநீரகம் போய்விடும். பெட்டியில் வைக்காதீர்கள், தனியாக எடுத்துப் போகிறவரையும் தடுங்கள். அரிப்புக்கும் தடிப்புக்கும் செட்ரிசின். புதுப் பையன்களின் கடல் மயக்கத்துக்கு அவோமின். தூக்கம் வரும், அன்றைக்கு வின்ச் பக்கம் நிற்கக் கூடாது. ஓஆர்எஸ் ஒரு லிட்டருக்கான பொடிப் பொட்டலமாக வாங்குங்கள், 12 பேருக்கு 50 பொட்டலமாவது இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. கூடுதல் உப்பு ஆபத்து.

நெஞ்சை அழுத்தி, வேர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஏறினால் ஆஸ்பிரின் 300 அல்லது 325 மி.கி. ஒன்றை மென்று விழுங்கச் சொல்லுங்கள், அலர்ஜியோ வயிற்றில் ரத்தக்கசிவோ இருப்பவரைத் தவிர. நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் எல்லோருக்கும் ஆனதல்ல. ரத்த அழுத்தம் இறங்கிக் கிடப்பவருக்கு அது எமன். ஏற்கெனவே அவருக்கென்று எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும் கொடுக்கலாம்.

உங்கள் கொழுந்தன் விஷயம். இன்சுலின் உறைந்தால் வீரியம் போய்விடும், கரைந்த பிறகு பார்த்தால் நல்ல மருந்து மாதிரியே இருக்கும். அதனால்தான் ஐஸுக்குள் வைக்க வேண்டாம் என்கிறேன். வெயிலில் கிடந்தாலும் கெடும். ஒரு சின்ன ஐஸ்பெட்டியின் அடியில் ஐஸ், அதன்மேல் நாலாக மடித்த துண்டு, துண்டுக்கு மேல் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் இன்சுலின். திறந்து பயன்படுத்தும் குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகள் 28 நாள் வரை தாங்கும். அட்டையில் போட்டிருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணம் எத்தனை நாளோ அதற்கு இரண்டு மடங்கு மருந்தும் ஊசியும், சர்க்கரை பார்க்கும் கருவியும் அவரிடம் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதே கணக்கு. சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதும் உண்டு; நினைவு இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாம், நினைவில்லாத ஆளின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்குச் சர்க்கரை இருப்பது 12 பேருக்கும் தெரிந்திருக்கட்டும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெட்டிக்கு வெள்ளைத் தகரம் வேண்டாம், இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிடும். வாய் அகன்ற, திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் நல்லது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல் ரத்தத்துக்கு ஒரு ஜிப் உறை, கொட்டுக்கும் முள்ளுக்கும் ஒன்று, தீக்காயத்துக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று என்று பிரித்து, உறைமேல் தமிழில் எழுதுங்கள். அசாம், ஒடிசாப் பையன்களும் உங்கள் போட்டில் இருந்தால் ஒரு படமும் வரைந்து ஒட்டுங்கள். எஞ்சின் அறைச் சூட்டில் மருந்து கெடும், போட்டை ஓட்டும் அறையில் (வீல் ஹவுஸ்) நிழலான இடமே சரி.

டிரம்மில் அடங்காதது ஒன்று உண்டு. தண்ணீரில் மூழ்கித் தூக்கப்பட்டவருக்கு மூச்சு இல்லையென்றால் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரக்கேடு. முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு. இதைப் படித்துக் கற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் பயிற்சி தருகின்றன. போட்டில் இரண்டு பேராவது போய்ப் பழகட்டும். ஒருவர் மட்டும் பழகினால், விழுகிறவர் அவராகவே இருந்துவிடக் கூடும். அடியறையில் மீன்கழிவு அழுகித் தேங்கி, உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்தாலும் இதே சிகிச்சைதான். ஆனால் அவரைத் தூக்க அடுத்த ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிக்கக் கூடாது. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்க வைத்துத்தான் இறங்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் கிளம்புவதற்கு முன் நீங்கள் பேசி முடிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எது நடந்தால் போட்டைத் திருப்புவது? டீசலும் ஐஸும் கடன் வாங்கிப் போட்டிருக்கும், மீன் இப்போதுதான் பட ஆரம்பித்திருக்கும், அந்த நேரத்தில் இந்த முடிவை எடுக்கச் சொன்னால் எந்த ஸ்ராங்கும் "நாளைக்குப் பார்ப்போம்" என்றுதான் சொல்வார். அடிபட்டவரே "எனக்கு ஒண்ணுமில்ல, தொழில் பாருங்க" என்பார். கரையிலேயே பேசி, தாளில் எழுதி, டிரம் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நிற்காத ரத்தம், நெஞ்சுவலி, கடல் பாம்புக்கடி, நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறிய முள், கண்காயம், தலையில் அடிபட்டு வாந்தி அல்லது மயக்கம், காய்ச்சலோடு பரவும் வீக்கம், முகத்திலோ பெருமளவிலோ தீக்காயம், வயிறு பலகை மாதிரி இறுகி வலிப்பது. இவற்றில் ஒன்று வந்தால் பேச்சே இல்லை, திருப்ப வேண்டும். திருப்புவது தேங்காப்பட்டணத்துக்கு என்று இல்லை. கொச்சி அருகில் என்றால் கொச்சி, மங்களூர் அருகில் என்றால் மங்களூர். சொந்த ஊர் ஆசுபத்திரிதான் வேண்டும் என்று ஒரு நாள் கூடுதலாக ஓடுவதில் அர்த்தமில்லை.

அதே தாளில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் விஎச்எஃப் ரேடியோ சேனல் 16-ஐயும் எழுதுங்கள். போன் கரையோரத்தில்தான் எடுக்கும். நடுக்கடலில் சேனல் 16-இல் பக்கத்து போட்களையும் போகிற கப்பல்களையும் கூப்பிடலாம், சாட்டிலைட் போனோ டிரான்ஸ்பாண்டரோ இருந்தால் அதிலும் செய்தி அனுப்பலாம். முதலில் சொல்ல வேண்டியது ஜிபிஎஸ் காட்டும் எண்கள், பிறகு போட்டின் பெயரும் பதிவு எண்ணும், பிறகுதான் அடிபட்டவரின் வயது, என்ன நடந்தது, எப்போது, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி என்பவை. பதற்றத்தில் கதை முழுக்கச் சொல்லி இடத்தைச் சொல்ல விட்டுவிடுவார்கள்.

நம் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதில் மிச்சமிருக்கும் நாட்களில் மருத்துவரைப் பார்த்து மருந்துச் சீட்டு வாங்குங்கள். போன வருடத்து மாத்திரை ஏதாவது போட்டில் கிடந்தால் தேதி பார்த்து எறியுங்கள். 12 பேரிடமும் கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். 10 வருடம் தாண்டியவர்களும், நினைவில்லை என்பவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் போட்டுக்கொண்டு வந்த பிறகு ஏறட்டும்.